ஒஸ்லோ அக்காவின் பங்கு

ரொம்சோஸ், ஒஸ்லோ
6 பெப்ரவரி 2005

அன்புள்ள தம்பி இளங்கோவுக்கு,

அத்தானும் கம்சிகாவும் நானும் இந்தக் குளிருக்குள் உயிரோடு இருக்கிறோம். என் முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை. நீயும் உன் பெண்சாதியும் சுகமாக இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனை செய்தேன். உங்கள் மலைக்குப் போன் எடுத்தால் காற்று மட்டும்தான் கேட்கிறது, ஆனபடியால் எழுதுகிறேன்.

உன் கலியாணப் படங்கள் வந்தன. வேலையால் வந்து, சப்பாத்துக்கூடக் கழற்றாமல் உறையைக் கிழித்தேன். ஏன் கிழித்தேன் என்றிருக்கிறது. நெல் ஆராய்ச்சி என்று பிலிப்பைன்சுக்குப் போனாய். பிறகு மலையில் ஒரு விவசாயப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானாய். கடைசியில் அந்த மலைச்சனத்திலேயே ஒரு பெட்டையைக் கட்டிக்கொண்டாய். சரி, கட்டினாய். அதற்கு எனக்கு ஏன் பன்றிப் படம்? முதல் படத்தில் பன்றி நாலு காலும் கட்டுண்டு கிடக்கிறது. அடுத்ததில் அதைத் தீயில் வாட்டி மயிர் சுரண்டுகிறார்கள். அதற்கடுத்ததில் ஒரு கிழவர் வயிற்றைப் பிளந்து பித்தப்பையைத் தூக்கிப் பிடித்துச் சாத்திரம் பார்க்கிறார். சீச்சீ! பிறகுதான் மாப்பிள்ளை நீ வருகிறாய், அதுவும் இடுப்பில் ஒரு துண்டோடு, தொடை தெரிய, வெண்கலத் தட்டொன்றைத் தட்டிக்கொண்டு. கம்சிகா பார்த்துவிட்டு, "அம்மா, மாமாவின்ரை கால் நல்ல வடிவு" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்கு வந்த ஓங்காளத்தில் பின்னேரத் தேத்தண்ணீர்கூட இறங்கவில்லை.

உன் பெண்சாதி டிவீனா முகவெட்டான பிள்ளைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் படங்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடாதே. அம்மாவுக்கு, "படிச்ச பிள்ளை, வேதக்காரப் பிள்ளை" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கேயும் அதே கதைதான். ஸ்ட்ரோம்மனில் இருக்கும் மயூராவை உனக்குத் தெரியுந்தானே, அத்தானின் சித்தப்பா மகன் மகேசனின் மனுசி. அவளின் கண்ணில் இந்தப் பன்றி பட்டால் திங்கட்கிழமைக்கிடையில் நோர்வே முழுக்க விடுப்புக் கதையாகிவிடும். நான் பிறகு கோயிலுக்குள் தலைகாட்ட முடியாது.

மழைக்காலத்தில் தலையை மூடிக்கொண்டு திரி. சளி பிடித்தால் உனக்கு லேசில் விடாது.

உன் அன்பு அக்கா,
சத்தியபாமா

*

2 மார்ச் 2005

என் பாசமுள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் முழங்காலுக்கு இங்கத்தைய ஒரு மூலிகை எண்ணெய் கொடுக்க டிவீனா துடிக்கிறாள். அத்தானுக்கும் என் மருமகளுக்கும் அன்பு சொல்லு.

பன்றியைப் பார்த்து ஓங்காளித்த அக்கா, ஆட்டு ரத்தத்தில் வறை வறுத்துச் சட்டியை வழித்துச் சாப்பிட்டது யாரென்று எனக்கு ஞாபகமிருக்கிறது. சரி, கோபிக்காதே.

நீ பாராத ஒன்றைச் சொல்கிறேன். இங்கே விருந்து முடிந்ததும் இறைச்சியை ஒரே அளவாக வெட்டிப் பங்கு வைப்பார்கள். அந்தப் பங்குக்கு வத்வத் என்று பெயர். ஒருவர் எழும்பி நின்று வீட்டு வீடாகப் பெயர் கூப்பிடுவார். கைக்குழந்தைக்கும் ஒரு பங்கு, ஊர்த் தலைவருக்கும் அதே பங்கு. வராதவர்களுக்கும் உண்டு. கோபித்துக்கொண்டு வராமல் விட்டவர்களுக்கும் உண்டு. எங்களுடைய கோயில் அன்னதானத்தில் யாரை எந்தப் பந்தியில் இருத்தினோம், யாரை வாசலுக்கு வெளியே நிற்கவைத்துக் கொடுத்தோம் என்று யோசித்துக்கொண்டு அன்றைக்கு நான் கூட்டத்தில் இருந்தேன். அப்போது டிவீனாவின் பெரியப்பா, "ஒஸ்லோ அக்கா!" என்று கூப்பிட்டார். அந்தச் சொல்லை டிவீனா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எழும்பிப் போய் உன் பங்கை நான்தான் வாங்கினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதை உப்புப் போட்டுக் காயவைத்துப் புகையில் கட்டியிருக்கிறோம். டிவீனாவின் சித்தி மகள் மார்லின் உங்கள் ஒஸ்லோவில்தான் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் தங்கிப் பிள்ளை பார்க்கிறாள். லீவில் வந்தவள் திரும்பும்போது கொண்டு வருவாள். கொஞ்சம் மணக்கும். எங்கள் கருவாட்டைவிட மோசமில்லை.

உன் தம்பி,
இளங்கோ

*

ரொம்சோஸ், ஒஸ்லோ
10 ஏப்ரல் 2005

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மூவரும் நல்ல சுகம். பனி உருகி எங்கும் ஊத்தைத் தண்ணீர். உங்கள் சுகத்துக்கும் எழுது.

மார்லின் வந்தாள். சின்ன உருவம், பெரிய சிரிப்பு. வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். தேத்தண்ணீர் கொடுத்தேன். கம்சிகா அவளை விட்டு நகரவில்லை, இருவரும் இந்த நாட்டு நொஸ்க் பாஷையில் கதையோ கதை. பார்சலைத் தந்தாள். சுங்கத்தில் இறைச்சி பிடிபட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அத்தான் அவள் போனபிறகு ஒரு மணித்தியாலம் கத்தினார்.

சமைத்துச் சாப்பிட்டோம். நல்லாயிருந்தது. அயல் வீடுகளுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். டிவீனா வீட்டாருக்கு என் நன்றியைச் சொல்லு.

வேறு விசேடமில்லை. எங்கள் மாடிக் கட்டடத்தில் குப்பை போடும் குழாய் இந்தக் கிழமை முழுக்க நாறுகிறது. யாரோ எதையோ சரியாகக் கட்டாமல் போட்டுவிட்டார்கள் என்று காவலாளி படிக்கட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் நோட்டீஸ்தான்.

அக்கா,
சத்தியபாமா

*

8 மே 2005

என் அருமை அக்காவுக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து டிவீனாவின் கால் நிலத்தில் படவில்லை.

நீ சாப்பிட்டதைவிட அயலுக்குக் கொடுத்ததுதான் இங்கே பெரிய கதை. பெரியப்பாவிடம் சொன்னோம். அவர் கூட்டத்தில் எழும்பி, "ஒஸ்லோ அக்கா எங்கடை ஆள், சொல்லிக் கொடுக்காமலே பங்கு வைக்கத் தெரிஞ்சிருக்கு" என்று அவர்களுடைய பாஷையில் சொன்னார். நான் உன்னை எவ்வளவு குறைவாக நினைத்திருந்தேன் என்று எனக்கே வெட்கமாயிருந்தது.

இனி ஒன்றைத் தெரிந்துகொள். பங்கு சாப்பிட்ட வீடென்றால் இவர்களுக்கு அது சொந்த வீடு. நல்லதோ கெட்டதோ அந்த வீட்டில் நடந்தால், அழைப்புக்குக் காத்திருக்க மாட்டார்கள். கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு போய் நிற்பார்கள், அடுப்பு மூட்டுவார்கள், கோப்பை கழுவுவார்கள். அழைத்தால்தான் வருவேன் என்பது இங்கே மரியாதைக் குறைவு. ஒஸ்லோவில் மார்லினும் அவள் ஊர்ப் பெண்கள் நாலு பேரும் இருக்கிறார்கள். இனி நீ அங்கே தனியாள் இல்லை.

உன் தம்பி,
இளங்கோ

*

ரொம்சோஸ், ஒஸ்லோ
29 மே 2005

அன்புத் தம்பி இளங்கோவுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். நீயும் டிவீனாவும் சுகந்தானே?

நல்ல சேதி. கம்சிகா போன கிழமை பெரியபிள்ளையாகிவிட்டாள். ஓகஸ்ட் ஏழாந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ரொம்மனில் மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்கிறோம். முந்நூறு பேர் வருவார்கள். அத்தான் வீடியோவுக்கு மட்டும் மூன்று பேரைப் பிடித்திருக்கிறார்.

தாய்மாமன் நீ. தேங்காய் உடைக்க, பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்க்க உன்னை விட்டால் எனக்கு யாரடா இருக்கிறார்கள்? டிக்கெட் அத்தான் போடுவார். ஆனால் தம்பி, நீ தனியாக வா.

கோபப்படாதே, கேள். மாமன் வந்தால் மாமியும் பக்கத்தில் நிற்க வேண்டும். மணவறையில் டிவீனாவை நிற்கவைத்தால், "உது ஆர், எந்தப் பகுதி, என்ன சனம்" என்று முந்நூறு வாயும் கேட்கும். நான் என்ன சொல்ல? பன்றிப் பித்தப்பையில் சாத்திரம் பார்க்கிற சனம் என்றா? ஐயர் மந்திரம் சொல்ல, அவள் ஆராத்தி எடுக்க, மயூரா முன்வரிசையில் இருந்து வாயைப் பொத்திச் சிரிக்க... வேண்டாமடா. மாமியின் இடத்துக்கு வேறு ஒருவரைப் பார்க்கிறேன். டிவீனாவுக்கு விசா சரிவரவில்லை என்று நீயே அவளிடம் சொல்லிவிடு. நல்ல பிள்ளை, விளங்கிக்கொள்வாள்.

உடனே பதில் போடு.

உன் அன்பு அக்கா,
சத்தியபாமா

*

21 ஜூன் 2005

அக்காவுக்கு,

இருவரும் நலம். கம்சிகாவுக்கு என் ஆசீர்வாதம்.

வந்தால் இருவரும் வருவோம். இல்லாவிட்டால் இருவரும் வரவில்லை. விசாப் பொய்யை நான் டிவீனாவுக்குச் சொல்லமாட்டேன். உன் கடிதத்தை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள், "பிள்ளைக்கு என்ன நிறம் பிடிக்கும்?" என்று கேட்டாள். இப்போது தறியில் உட்கார்ந்து கம்சிகாவுக்கு ஒரு துணி நெய்கிறாள்.

தேதியை இங்கே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். இவர்கள் தங்கள் முறைப்படி செய்வதைச் செய்வார்கள். நான் தடுக்கப் போவதில்லை.

இளங்கோ

*

ரொம்சோஸ், ஒஸ்லோ
15 ஜூலை 2005

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள்.

உனக்கு அக்காவைவிட மலை பெரிதாகப் போய்விட்டது. நல்லது. தாய்மாமனுக்கு மகேசன் நிற்பார், மாமிக்கு மயூரா. அத்தான் போய்க் கேட்டார், இருவரும் ஓமென்றுவிட்டார்கள். உனக்கு விசா கிடைக்கவில்லை என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன், மண்டபத்திலும் மைக்கில் அப்படித்தான் சொல்வார்கள். என் மானத்தை நான்தானே காப்பாற்ற வேண்டும்.

கம்சிகா, "மகேசன் மாமா என்ரை சொந்த மாமா இல்லைத்தானே, அவர் ஏன் எனக்குத் தண்ணி வாக்கிறார்?" என்று கேட்டு அழுகிறாள். பிள்ளையை அழ வைத்தது நீதான்.

சத்தியபாமா

*

ரொம்சோஸ், ஒஸ்லோ
12 ஓகஸ்ட் 2005

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாயிருக்கிறாயா? என் முந்திய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன், மனதில் வைக்காதே.

சாமத்தியவீடு கடவுளே என்று நன்றாக நடந்தது. மண்டபம் நிறைந்த சனம். கம்சிகாவைப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள், வாசலில் புகை மெஷின், பூ தூவ எட்டுப் பிள்ளைகள். மகேசன் தேங்காயை ஒரே அடியில் உடைத்தார். பதினெட்டு வகைப் பலகாரம். நோர்வேயில் இப்படியொரு சாமத்தியவீடு பார்க்கவில்லையென்று மயூராவே வாய்விட்டுச் சொன்னாள்.

மார்லின் ஆட்கள் வருவார்கள் என்று நீ நினைத்திருக்கக்கூடும். அவர்கள் வரவில்லை. வேலையாக்கும். வந்திருந்தால் ஒரு பிடி சோறு சாப்பிட்டுப் போயிருப்பார்கள்.

படங்கள் கழுவி வந்ததும் அனுப்புகிறேன். டிவீனாவுக்கு என் அன்பு.

உன் அக்கா,
சத்தியபாமா

*

ரொம்சோஸ்
21 ஓகஸ்ட் 2005

என்ரை சொந்த மாமாவுக்கும் டிவீனா மாமிக்கும்,

நான் நல்ல சுகம். நீங்கள் எப்பிடி? எனக்குத் தமிழ் எழுத்துப் பிழை வரும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எனக்கு எப்பவும் குறைய மார்க்ஸ். நான் கதைக்கிற மாதிரியே எழுதுறன். அம்மாவுக்குத் தெரியாது.

அம்மா உங்களுக்கு என்ன எழுதினவ எண்டு எனக்குத் தெரியும், மேசையிலை கிடந்தது, வாசிச்சனான். மார்லின் வந்தவ. அவவும் நாலு அக்காமாரும். எல்லாரும் சிவப்புக் கறுப்புக் கோடு போட்ட பாவாடை கட்டி, மழையிலை நனைஞ்சு, பெரிய பானையொண்டைத் துவாயிலை சுத்தித் தூக்கிக்கொண்டு ரொம்மன் ஸ்ரேசனிலை இருந்து நடந்தே வந்தவை. நான் வாசலிலை பல்லக்குக்குள்ளை இருந்தனான். முழுக்கக் கண்டனான். பானைக்குள்ளை பண்டி இறைச்சி. அவைக்கு அது சாமத்தியவீட்டிலை கூடாதெண்டு தெரியாது, ஆரும் சொல்லேல்லைத்தானே. மார்லின் என்னைக் கண்டு கையைக் காட்டினவ. பிறகு ஒரு துணியை விரிச்சுக் காட்டினவ. அது டிவீனா மாமி நெய்தது, நீலம். எனக்கு நீலம்தான் விருப்பம்.

மயூரா ஆன்ரி மூக்கைப் பொத்திக்கொண்டு "உவை ஆர்? என்ன நாத்தம் இது?" எண்டு கேட்டவ. அம்மா சொன்னவ, "ஆரோ தெரியேல்லை, ஹோல் மாறி வந்திட்டினம்" எண்டு. அப்பா போய் நொஸ்கிலை, இது தனிப்பட்ட விழா, வெளியாக்கள் வரேலாது எண்டு சொல்லிக் கதவைச் சாத்தினவர். கண்ணாடிக் கதவு மாமா. அவை அதுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் மழையிலை நிண்டவை. தாங்கள் ஏதோ பிழையா விளங்கிக்கொண்டம் எண்டு நினைச்சிருக்கினம் போலை.

பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு போச்சினம். முந்நூறு பேர் எனக்கு என்ன நடந்ததெண்டு தெரிஞ்சு பாக்கினம், என்ரை வகுப்புப் பெடியள் ரெண்டு பேரும் வந்தவங்கள், மகேசன் மாமா தலையிலை பால் ஊத்தினவர். சரியான ஏக்கெல்ட். அருவருப்பு எண்டு தமிழிலை எழுதோணும் எண்டு அகராதியிலை பாத்தனான்.

அடுத்தநாள் மார்லினுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டனான். அழுதுகொண்டு இன்னொரு விசயத்தையும் சொல்லிப்போட்டன். முதல் தந்த இறைச்சியை அம்மா கையாலையும் தொடேல்லை, பிளாஸ்ரிக் பையோடை குப்பைக் குழாய்க்குள்ளை எறிஞ்சவ. ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. நான் சொன்னது பிழையோ மாமா?

அன்பு மருமகள்,
கம்சிகா

*

16 ஒக்டோபர் 2005

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சுகமாக இரு.

இரண்டு மாதமாகப் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மார்லினின் சேதி அவள் தாய் மூலம் ஊருக்கு வந்துவிட்டது. கதவைச் சாத்தியதற்கு இவர்கள் உனக்காகக் காரணம் தேடினார்கள். அங்கே தீட்டு ஏதும் இருந்திருக்கும், எங்களுக்குத் தெரியாமல் தப்பான நேரத்தில் போய்விட்டோம் என்றார்கள். ஆனால் பங்கைக் குப்பையில் எறிந்ததற்கு அவர்களால் காரணம் தேட முடியவில்லை. அது இறைச்சியை எறிவதல்ல. நீங்கள் எனக்கு மனிதர்களே இல்லை என்று சொல்வது.

பெரியவர்கள் கூடும் கல்முற்றத்தில் விசாரித்தார்கள். என்னைத்தான் கேட்டார்கள். நான் வாய் திறக்க முன்னம் டிவீனா எழும்பினாள். "இறைச்சி வழியிலை பழுதாப் போச்செண்டு மார்லின் சொன்னவள். எறியச் சொல்லி அக்காவுக்கு நான்தான் எழுதினனான்" என்றாள். பொய். அவள் வாயில் நான் பொய் கேட்டதில்லை. பெரியப்பா அவளைப் பார்த்து, "இனாயன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். ஒருவர் தப்புச் செய்யப் போகும்போது இவர்கள் சொல்கிற சொல் அது. செய்யாதே, அது உன்னிடமே திரும்பி வரும் என்பது போல. அங்கிருந்த எல்லோருக்கும் அவள் பொய் சொல்வது தெரியும். யார் முகத்தைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்றும் தெரியும். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இனி ஒஸ்லோ வீட்டுக்கு இறைச்சி வேண்டாம், புது நெல்லில் அரிசி கொடுப்போம் என்று முடிவெடுத்தார்கள். உன்னை விலக்க ஒருவரும் சொல்லவில்லை அக்கா. சொல்ல நினைத்தது நான் ஒருவன்தான். உயிரோடு இருக்கிற தம்பியை வைத்துக்கொண்டு மகேசனைத் தாய்மாமனாக்கினாய். அதை விட்டேன். கைநிறையக் கொண்டு வந்தவர்களைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மழையில் நிறுத்திவிட்டு, வரவில்லை என்று எனக்கு எழுதினாயே. அந்த வரியை வாசித்தபோது எனக்கு வந்த அருவருப்பு, உனக்குப் பன்றிப் படத்தைப் பார்த்து வந்திராது.

நவம்பர் பதின்மூன்றாந் தேதி, ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மார்லின் ரொம்சோஸ் ஸ்ரேசன் மேடையில், நாங்கள் தபாலில் அனுப்பிய அரிசியோடு நிற்பாள். உன் வீட்டு வாசலுக்கு இனி வரமாட்டாள். நீ போய் வாங்கு. எல்லோருக்கும் முன்னால், உன் கையால். வாங்காவிட்டால் இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

இளங்கோ

*

ரொம்சோஸ், ஒஸ்லோ
14 நவம்பர் 2005

தம்பி இளங்கோவுக்கு,

கம்சிகா சுகம். அத்தானும் சுகம். டிவீனா சுகமாக இருக்க வேண்டும்.

நான் போனேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். கம்சிகாவையும் கூட்டிக்கொண்டு நேரத்துக்கு முந்தியே போனேன். உன் கடிதம் வந்த நாள்தொட்டு நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கையால் வாங்கி, அவளைக் கட்டிப்பிடித்து, வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போடுவதென்றுதான் புறப்பட்டேன். கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் வைத்து மூடிவிட்டுத்தான் வந்தேன். இதை நீ நம்பமாட்டாய். நம்பத் தேவையுமில்லை.

மார்லின் மேடையின் அந்தத் தலைப்பில் துணிப்பையோடு நின்றாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. இறங்குகிறாள் மயூரா! எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாளாம், சாமத்தியவீட்டு அல்பம் பார்க்க. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மார்லின் பையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு கிட்ட வந்துவிட்டாள். மயூரா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஆரக்கா உது? உங்களைப் பாத்தெல்லோ சிரிக்கிறாள். அண்டைக்கு ஹோலுக்கு வந்ததுகளிலை ஒண்டு போலையும் கிடக்கு" என்றாள்.

தம்பி, நான், "எனக்குத் தெரியாது" என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். ஆனால் என் முகத்தைப் பார்த்து அவள் விளங்கிக்கொண்டாள். நீட்டிய கையை இழுத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மயூராவுக்குக் கேட்கும்படியாக நொஸ்கில், "மன்னிக்க வேண்டும், ஆள் மாறிவிட்டது" என்றாள். எனக்கு மரியாதையாகத் தலை குனிந்துவிட்டு, மற்றப் பக்கம் வந்து நின்ற ரயிலில் ஏறினாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அரிசியை என் தலையில் கொட்டியிருந்தாலும் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். அவள் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனாள். டிவீனா அங்கே செய்ததை இவள் இங்கே செய்தாள். இருவருக்கும் யார் இதைப் படிப்பித்தார்கள்? குப்பைக் குழாய் நாறுகிறதென்று உனக்கு எழுதினேனே, நாற்றம் அந்தப் பங்கிலா இருந்தது? நேற்றிலிருந்து எனக்கு என் வாயை நினைத்தாலே சத்தி வருகிறது. பல்லை எத்தனை தரம் தீட்டினாலும் போகவில்லை.

கம்சிகா என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். "அம்மா, அது மார்லினெல்லே" என்றாள். வாயைத் திறக்காதே என்று அவள் கையை நான் நசுக்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். விரல் விரலாகக் கையைப் பிரித்தெடுத்துக்கொண்டு ஓடிப்போய் ரயிலில் ஏறினாள். கதவு பூட்டிவிட்டது. மார்லினுக்குப் பக்கத்தில் இருந்து பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. "தெரியாதெண்டியள், மகள் அவளோடை போறாளே!" என்று மயூரா என்னை உலுக்கினாள். "ஓம், தெரியும். தம்பியின்ரை மனுசியின்ரை தங்கச்சி" என்றேன். சொல்லிவிட்டேன். ஆனால் அதைக் கேட்க வேண்டியவள் போய்விட்டாள்.

பின்னேரம் மார்லின் அவளைக் கீழ்ப்படிவரை கூட்டிவந்து விட்டாளாம். மேலே வரவில்லை. பிள்ளை என்னோடு இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ சொன்னபடி செய். எனக்கு எழுத வேண்டாம். நான் அதை வாங்கவில்லை. எங்கள் வீட்டுப் பங்கைக் கம்சிகாதான் வாங்கினாள், என்னைக் கேளாமலே. அடுத்த முறை பெயர் கூப்பிடும்போது ஒஸ்லோ அக்கா என்று கூப்பிட வேண்டாமென்று பெரியப்பாவிடம் சொல்லு. கம்சிகா என்று கூப்பிடச் சொல்லு. நீ இனி அவளுக்கு எழுது.

சத்தியபாமா